பிணம் தொட்ட கைக்குப் பாஸ்கா இல்லை

போன கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு வந்தேன். கேக் நன்றாக இருந்தது. பற்றிஸ் சுடச்சுட வந்தது. வேறு எதுவும் தொண்டையால் இறங்கவில்லை.

வழமையாக இந்தப் பத்தியில் நான் பஸ் கொண்டக்டரையும் மின்சாரக் கட்டணத்தையும் திட்டுவேன். நீங்களும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவீர்கள். இந்தக் கிழமை சொந்தக்காரரைத் திட்டப்போகிறேன். அவர்களும் இந்தப் பேப்பரை வாசிக்கிறவர்கள்தான்... வாசிக்கட்டும்.

என் மனைவியின் அக்கா ஸ்ரெல்லா. எனக்கு மச்சாள். கலியாணம் கட்டவில்லை. தம்பியும் தம்பியின் மனைவியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, அவர்களின் ஒரே மகள் ஷெரினைத் தூக்கி வளர்த்தவர். ஷெரினுக்கு முறைப்படி இவர் மாமி. ஆனால் காய்ச்சலுக்கு விழித்திருந்தது, ரியூஷனுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது, கலியாணம் பேசி முடித்தது எல்லாம் இந்த மாமிதான். இப்போது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார்.

ஷெரின் கலியாணம் கட்டிக் கனடா போனாள். பிள்ளை இல்லை. வருசக்கணக்காக இல்லை. டொக்டர்மார் கையை விரித்த ஒரு நாளில் மச்சாள் கொட்டாஞ்சேனைக்குப் போய், தங்கள் குடும்பத்தார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்ற அந்தக் கோயிலில் முழங்காலில் நின்று ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை கிடைத்தால், உயிர்த்த ஞாயிறு அன்று இதே கோயிலில் ஞானஸ்நானம். ஞானத்தாய் நான். என் கையால் பிள்ளையைத் தூக்கிவந்து தண்ணீரடியில் நிற்பேன். அந்த நாள் வரும்வரை மீன் தொடமாட்டேன்.

மீன் இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையைத் திரும்பிப் பார்க்காத மனுஷி அவர். அன்றிலிருந்து பருப்பும் கீரையும்தான்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நேர்த்திக்காகவே ஷெரின் புருஷனோடும் பிள்ளையோடும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலேயே இருக்கும் மாமியார் வீட்டில் இறங்கினாள். மாமியாரின் பெயர் றெஜினா. நாங்கள் எல்லாரும் றெஜினா அன்ரி என்போம். யாழ்ப்பாணத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பம். காலைப் பூசை தவறாது. செபமாலை கையை விட்டு இறங்காது.

எல்லாம் ஆயத்தம். வெள்ளைச் சட்டை கனடாவிலிருந்து வந்தது. மெழுகுதிரிக்கு மச்சாள் தானே ரிபன் கட்டி வைத்திருந்தார்.

ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் இருக்க, பெரிய வியாழன் காலை, மச்சாளின் எதிர் ஃபிளாட்டில் கமலா அக்கா செத்துப்போனார்.

கமலா அக்கா யாழ்ப்பாணத்துச் சைவ மனுஷி. புருஷன் இல்லை. மகன் மெல்பேர்ணில், மகள் லண்டனில். வெள்ளவத்தையில் எந்த மாடிக்கு ஏறினாலும் இப்படி ஒரு கதவு இருக்கும். வாசலில் பால் பைக்கற் எடுக்காமல் கிடந்ததைக் கண்டு, மச்சாள், கமலா அக்கா தன்னிடம் தந்துவைத்திருந்த திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார் கமலா அக்கா. உடுப்பும் நிலமும் அசுத்தமாகிக் கிடந்தன.

டொக்டர் வந்து பார்த்து உறுதிசெய்துவிட்டுப் போனார். மெல்பேர்ணுக்கு ஃபோன் போனது. மகன் அழுதான். ஞாயிறு மத்தியானம்தான் வந்து இறங்கலாம், அதுவரை அம்மாவின் உடலைப் பதப்படுத்தி மலர்ச்சாலையில் வைக்கச் சொன்னான். மலர்ச்சாலைக்காரரும் வண்டியை அனுப்பினார்கள். கழுவித் துடைப்பதைத் தாங்களே செய்வதாகச் சொன்னார்கள். மச்சாள் விடவில்லை.

“முன்பின் தெரியாத ஆம்பிளையளிட்டை அவவை இந்தக் கோலத்திலை குடுக்கேலாது. வெளியிலை நில்லுங்கோ.”

தனியாகச் செய்ய முடியுமா? ஒருவர் புரட்டிப் பிடிக்க வேண்டும், ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். மச்சாள் கதவுகளைத் தட்டினார். சித்திரை வருசம் பிறக்கப்போகிற கிழமை. இரண்டாம் மாடியில், “வருசத்துக்குப் பொங்கவேணும் அக்கா, துடக்கு வீட்டுக்குள்ளை வரேலாது” என்று தீட்டுக்குப் பயந்தார்கள். நாலாம் மாடியில் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே அனுதாபம் சொன்னார்கள். ஐந்தாம் மாடியில் இருப்பது எங்கள் ஆட்கள் — கத்தோலிக்கர். அந்த வீட்டு ஐயாவின் காலைத்தான் அன்று பின்னேரப் பூசையில் ஃபாதர் கழுவப்போகிறார். பாதம் கழுவும் சடங்குக்குத் தெரிவானவர், பிணவீட்டு நிலத்தில் எப்படிக் காலை வைப்பது?

வந்தது முதலாம் மாடி நஸீரா மட்டும். “மௌத்தானவங்களக் குளிப்பாட்டுறது எங்களுக்குக் கடம தானே அக்கா” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாராம். இரண்டு பேருமாகக் கழுவி, நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தினார்கள். கமலா அக்காவின் சாமித் தட்டில் இருந்த திருநீற்றை எடுத்து, மச்சாளே நெற்றியில் பூசிவிட்டார். அதன்பிறகுதான் வண்டிக்காரரை உள்ளே விட்டார்.

அன்று பின்னேரமே செய்தி றெஜினா அன்ரியின் காதுக்குப் போய்விட்டது. யார் சொன்னது? எங்கள் ஊர்க் கதைகளுக்கு லிஃப்ற் தேவையில்லை, தாமாகவே இறங்கும், ஏறும். பெரிய வெள்ளி காலை ஷெரின் மச்சாளுக்கு ஃபோன் எடுத்தாள். அழுதுகொண்டே சொன்னாளாம்: “மாமி, குறை நினையாதேங்கோ. பிள்ளையை நீங்கள் தூக்கவேண்டாமாம். துடக்காம். பச்சை உடம்பாம்.” ஞானத்தாயாக மாப்பிள்ளையின் அக்கா நிற்பதென்று முடிவாகிவிட்டது.

மச்சாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தவக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு வகுப்பு நடந்தது. யூதரின் பெருவிழாக்களும் நேர்த்திகளும் தெரியாமல் உயிர்ப்பு விளங்காது என்பது பொருள். குருமடத்தில் படிப்பிக்கும் ஒரு சுவாமியார் வந்து நடத்தினார். கடைசி நாளில், யூதர் எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பாஸ்கா விருந்து எப்படி இருக்குமென்று சாப்பிட்டே காட்டினார்கள். புளிக்காத அப்பத்துக்குக் கோதுமை ரொட்டி. எகிப்தின் அடிமைத்தனத்தை நினைக்கும் கசப்புக் கீரைக்குப் பாவற்காய். பாவற்காயைக் கொண்டுவந்தவர் றெஜினா அன்ரி. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காயும் சேர்த்துச் சம்பலாக்கிக் கொண்டுவந்தார். “சும்மா குடுத்தாக் கைக்கும் எல்லோ.” எல்லாரும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். கசப்பை நினைக்கச் சொன்னால் அதற்கும் தேசிப்புளி விட்டு ருசியாக்கிவிடும் சனம் நாங்கள்.

அந்த வகுப்பில் முன்வரிசையில் இருந்தவரும் இதே றெஜினா அன்ரிதான்.

சுவாமியார் என்னென்ன சொன்னார்? எகிப்தை விட்டு வந்த அடுத்த வருசம், பாலைவனத்தில் பாஸ்கா வருகிறது. சில மனிதர் பிணத்தைத் தொட்டதால் தீட்டு. விருந்தில் சேரமுடியாது. அவர்கள் மோசேயிடம் போய் நியாயம் கேட்கிறார்கள்: செத்தவனை அடக்கியதற்கா எங்களுக்குத் திருவிழா இல்லை? மோசே தானாக முடிவு சொல்லவில்லை, கடவுளிடம் போகிறார். கடவுள் என்ன சொன்னார்? இவர்களுக்காக ஒரு மாதம் கழித்து இன்னொரு பாஸ்கா. எண்ணிக்கை நூலில் ஒன்பதாம் அதிகாரம், வீட்டில் வேதாகமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். யூதச் சட்டம் என்றால் கல்நெஞ்சு என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். அது பிழை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொன்றும் சொன்னார். கடவுளுக்கு நேர்த்தி வைத்தவனை நசரேயன் என்பார்கள். பொதுவாக அவன், தாய் தகப்பன் செத்தாலும் உடலுக்குக் கிட்டப் போகக்கூடாது. ஆனால் எடுத்து அடக்க ஆளில்லாத பிணம் ஒன்று வழியில் கிடந்தால்? நின்று அடக்கத்தான் வேண்டும் என்றார்கள் அவர்களின் போதகர்கள். தலைமைக் குருவே பாஸ்கா ஆட்டை வெட்டப் போய்க்கொண்டிருந்தாலும் நிற்க வேண்டும். நேர்த்தி காத்திருக்கும், திருவிழாவும் காத்திருக்கும். ஆளில்லாத பிணம் காத்திருக்காது.

இப்போது அந்த முதல் பெரிய வெள்ளியைப் பாருங்கள். நாலு நற்செய்தியும் அந்த நாளை ஒரே மாதிரிச் சொல்வதில்லை. யோவானின் கணக்கில் அன்று பின்னேரம்தான் பாஸ்கா. ஊர் முழுக்க ஆடு வெட்டுகிறது. அந்த நேரம் பார்த்து அரிமத்தியா யோசேப்பும் நிக்கதேமும் போய்ச் சிலுவையிலிருந்து உடலை இறக்குகிறார்கள். இரண்டு பேரும் பெரிய மனிதர்கள், சபையில் இருக்கை உள்ளவர்கள். பிணத்தைத் தொட்ட அந்த நிமிடத்தோடு அந்த வருசப் பாஸ்கா அவர்களுக்கு இல்லை. தெரியாமலா தொட்டார்கள்? தெரிந்துதான் தொட்டார்கள்.

ஓய்வுநாள் கழிந்தது. ஆலயத்தில் புது விளைச்சலின் முதல் கதிர்க்கட்டை உயர்த்திக் காட்டும் நாள் வந்தது. பெருவிழா இன்னும் முடியவில்லை. நல்ல சனம் எல்லாம் சுத்தபத்தமாக இருக்கும் கிழமை. சில பெண்கள் மட்டும் விடியப்புறம் தைலத்தைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகிறார்கள். எதற்கு? பிணத்தைத் தொட. தொட்டால் ஏழு நாள் தீட்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

உயிர்த்தவர் யாருக்கு முதலில் தெரிந்தார்? திருவிழாவில் நின்றவர்களுக்கா? இல்லை. திருவிழா போனால் போகட்டும் என்று பிணத்திடம் வந்தவர்களுக்கு.

அந்த உயிர்த்தவரும் நேர்த்திக்காரர்தான் என்று சுவாமியார் சொன்னதை நான் மறக்கமாட்டேன். கடைசி இராப்போசனத்தில், இறையாட்சி வரும்வரை திராட்சைரசம் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறார். எங்கள் பாசையில் அது நேர்த்தி வைப்பதுதான். பிறகு உயிர்த்து வந்து, பயந்து நடுங்குகிறவர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். பொரித்த மீன் துண்டொன்றைக் கொடுக்கிறார்கள். வாங்கிச் சாப்பிடுகிறார். பாதியில் விட்டுப்போன சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தவர் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. இதை எழுதும்போது பருப்புக் கறியோடு இருக்கும் ஒருவரின் நினைப்பு வராமல் இல்லை.

இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டு, பெரிய சனி காலை வேதாகமத்தைக் கையில் இடுக்கிக்கொண்டு றெஜினா அன்ரி வீட்டுக்குப் போனேன். மூளை உள்ளவன் செய்கிற வேலையா?

“வாங்கோ தம்பி. தேத்தண்ணி குடியுங்கோ” என்றார் அன்ரி.

ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வேதவாசகத்துக்கு மரியாதை.

“இது யூதற்றை சட்டம் தம்பி. எங்களுக்கு ஏன்?”

“அப்ப துடக்கு ஆற்றை சட்டம் அன்ரி?”

“அது எங்கடை பழக்கம். வேதக்காரர் எண்டாப்போலை பழக்கம் இல்லாமல் போகுமே? நீங்கள் பேப்பரிலை எழுதுற ஆள், உங்களுக்குக் கதைக்கலாம். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஒண்டு வந்தா ஆர் பதில் சொல்றது?”

“பிணத்துக்குத் தைலம் பூசப்போன பொம்பிளையள்தானே அன்ரி உயிர்ப்பை முதல் கண்டவை.”

“அவை கண்டவை. கைக்குழந்தையைத் தூக்கினவையே?”

இதற்கு என்ன சொல்வீர்கள்? ஷெரினைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் காலுறையைச் சரிசெய்துகொண்டு இருந்தாள்.

“ஒரு மாதம் கழிச்சு வைப்பமே பிள்ளை? மோசேயின்ரை ஆக்களுக்கும் அப்பிடித்தானே குடுத்தது. துடக்கும் கழிஞ்சிடும்” என்றேன் அவளிடம்.

“ரிக்கெற் போட்டிருக்கு மாமா. இவருக்கு லீவும் இல்லை. ப்ளீஸ்... இதைப் பெரிசாக்காதேங்கோ. நாங்கள் போனாப்பிறகும் மாமி இஞ்சை இவையின்ரை முகத்திலைதானே முழிக்கவேணும்.”

பங்குச் சுவாமிக்கு ஃபோன் எடுத்தேன். திருச்சபையில் அப்படி ஒரு தடையும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். கொஞ்சம் சந்தோசப்பட்டேன். அடுத்த மூச்சில், “ஆனாலும் குடும்பத்துக்குள்ளை சமாதானமாக் கதைச்சு முடிவெடுங்கோ” என்றார். சமாதானம் என்றால் எங்கள் ஊரில் என்ன தெரியுமா? சத்தம் போடாதவர் விட்டுக்கொடுப்பது.

அங்கிருந்து நேரே மச்சாளிடம் போனேன். ஆளில்லாத பிணத்துக்காக நேர்த்திக்காரனும் நிற்கவேண்டும் என்ற கதையைச் சொன்னேன். நீங்கள் செய்தது சரி என்று புத்தகத்திலிருந்தே காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நான் யூதச்சியாப் பிறந்திருக்கவேணும் தம்பி.”

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “என்னைத் தள்ளினதைப் பற்றி எனக்கு ஒண்டும் இல்லை. நேர்ந்ததைச் செய்யாட்டி அது ஆரிலை போய் நிக்கும்? பிள்ளையிலை எல்லோ நிக்கும். எனக்கு அந்தப் பயம்தான்.”

றெஜினா அன்ரிக்கும் பிள்ளையைப் பற்றித்தான் பயம், மச்சாளுக்கும் பிள்ளையைப் பற்றித்தான் பயம். அன்ரியின் பயத்துக்கு வீடு முழுக்க ஆள் இருந்தது. மச்சாளின் பயத்துக்கு நான் ஒருவன் மட்டும், அதுவும் கையாலாகாதவன்.

உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் ஈஸ்டர் என்றால் இப்போதும் கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போகவேண்டும். அந்த ஈஸ்டர் குண்டுவெடிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோயிலடியில் பிணம் தொட்ட கைகள் எத்தனை... அதற்குள் நான் போகவில்லை. துடக்கு என்று அந்தக் கைகளை எல்லாம் தள்ளியிருந்தால் இங்கே பூசைக்கு ஆள் இருந்திருக்காது.

நற்செய்தி வாசித்தார்கள். இருட்டோடு கல்லறைக்குப் போன மகதலா மரியாவின் கதைதான். நாமும் அந்தப் பெண்ணைப் போல அஞ்சாமல் கல்லறைக்கு ஓடவேண்டும் என்று அந்தக் கோயில் சுவாமியார் உருக்கமாகப் பிரசங்கித்தார். எனக்கு முன்வரிசையில் றெஜினா அன்ரி கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, உண்மையான கண்ணீர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளையை மாப்பிள்ளையின் அக்கா தூக்கிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளை வீரிட்டது. என் மனைவி என் கையைப் பிடித்து நசுக்கினாள். படம் எடுத்தார்கள். கோயில் மண்டபத்திலேயே கேக் வெட்டினார்கள். ஸ்ரெல்லா எங்கே என்று கேட்டவர்களுக்கு, “சுகமில்லை” என்று சொல்லப்பட்டது.

ஸ்ரெல்லா மச்சாள் சுகமாகத்தான் இருந்தார். பொரளைப் பக்கத்து மலர்ச்சாலையில், கமலா அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அன்று காலை பெட்டியில் வைத்ததிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடலைத் தனியே விடக்கூடாது, தலைமாட்டில் விளக்கு அணையக்கூடாது. அது சைவர்களின் முறை. இருக்க ஆளில்லை, இவர் இருந்தார்.

நான் ஓட்டோ பிடித்து அங்கே போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில், கேற்றடியில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. ஷெரின் அடம் பிடித்திருக்கிறாள், விருந்துக்குப் போகும் வழியில் மாமியிடம் பிள்ளையைக் காட்டாமல் போகமாட்டேன் என்று. மச்சாள் எழும்பி வெளியே வந்தார். வானிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. பிணவீட்டு வாசலில் எப்படி இறங்குவது? ஷெரின் கண்ணாடியை இறக்கக் கை வைத்தது எனக்குத் தெரிந்தது. முன் சீற்றிலிருந்து றெஜினா அன்ரி திரும்பி ஏதோ சொன்னார். ஷெரின் கையை எடுத்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

மச்சாள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளியே நின்றார். கிட்டப் போகச் சொல்லி நான் சொன்னேன். போகவில்லை. நின்ற இடத்தில் வாய்க்குள் ஏதோ செபம் சொன்னார். வான் போய்விட்டது.

“கண்ணாடிக்குள்ளாலையும் பிள்ளை வடிவாத்தான் தெரிஞ்சவள் தம்பி” என்றார். உள்ளே திரும்பிப் போனார்.

மன்னிக்கச் சொல்லித்தான் மதம் சொல்கிறது. சொல்லட்டும். ஊருக்கெல்லாம் ஈஸ்டர் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் பெரிய வெள்ளியே முடியவில்லை.